கல் வைத்த அட்டிகையா, வெறும் சங்கிலியா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார், நான் பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். நகைக்கென்று 15,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்திருக்கிறேன். சிவப்புக்கல் அட்டிகை ஒன்று பார்த்தோம். பின்னால் கல்லுக்கும் விலை ஏறும் என்கிறார் கடைக்காரர். மகள் தாதி (நர்ஸ்), அதிகம் நகை போடமாட்டாள். மாமியார் விட்டுப்போன பழைய ஏழுகல் தோட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா? மாப்பிள்ளைக்கு ஜாதகப்படி நீலக்கல் மோதிரம் போட வேண்டும் என்று நாத்தனார் வேறு சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது அம்மாவின் காப்பு அடகுக்கடைக்குப் போகும், போனஸ் வந்ததும் திரும்பி வரும். அம்மாவிடம் கல் பதக்கம் ஒன்றும் இருந்தது. அது மட்டும் ஒருநாளும் போனதில்லை. கல்லைக் கழித்து எடை போட்டால் கைக்கு வருவது ஒன்றுமில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். நம் வீடுகளில் நகை என்பது அழகு மட்டுமல்ல, அவசரத்துக்குக் கைகொடுக்கும் பணம். அதனால் எந்த நகையைப் பார்த்தாலும், 'நாளைக்கே இதை விற்றால் எவ்வளவு திரும்பி வரும்?' என்று முதலில் கேளுங்கள்.

அந்த அட்டிகையையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக 916 தங்கம் (22 காரட்) ஒரு கிராம் 500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டிகை மொத்தம் 20 கிராம், அதில் கல் 4 கிராம், செய்கூலி 1,500. கல்லையும் சேர்த்து எடை போட்டால் 11,500 வெள்ளி கொடுப்பீர்கள். விற்கப் போகும்போது 16 கிராமுக்குத்தான் விலை. அது 8,000, அதிலும் கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். வாசலைத் தாண்டுவதற்குள் 3,500 போய்விட்டது. அதே 20 கிராமில் கல் இல்லாத சங்கிலி, கூலி 800 என்றால், 10,800 கொடுத்துவிட்டு ஏறக்குறைய 10,000 வெள்ளி மதிப்புள்ள தங்கத்தைக் கையில் வைத்திருப்பீர்கள்.

கல்லுக்கும் விலை ஏறும் என்ற பேச்சை நம்பாதீர்கள். கல் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம். அப்படியானால் 4 கிராம் என்பது 20 காரட். தங்க விலைக்கே போட்டாலும் அந்தக் கல்லுக்கு 2,000 வெள்ளிதான் ஆகிறது. 20 காரட் நல்ல இயற்கை மாணிக்கம் அந்த விலைக்கு எங்கும் கிடைக்காது. அது பெரும்பாலும் செயற்கைக் கல்லாகத்தான் இருக்கும். செயற்கை மாணிக்கம் நேற்று வந்ததல்ல, 1902-லேயே செய்முறை வெளிவந்துவிட்டது. நிறமும் கடினமும் இயற்கைக் கல் போலவே இருக்கும், போட்டுக்கொள்ள அழகாகவும் இருக்கும். ஆனால் அதை விற்றுப் பணம் பார்க்க முடியாது. இன்னொரு வகை, விரிசலில் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். தட்டார் நெருப்பு வைத்தாலோ அமிலத்தில் போட்டாலோ அது கெட்டுப்போகும்.

எங்கே வாங்கினாலும் தங்கத்தின் நிகர எடை, கல் எடை, செய்கூலி மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும். தர மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, மகளுக்குக் கல்லே வேண்டாமா? வேண்டும். அவள் போடக்கூடிய கல் வேண்டும். கையுறை மாட்டுகிற வேலை, அடிக்கடி கை கழுவ வேண்டிய வேலை. தூக்கி நிற்கும் கல் மோதிரம் பெட்டியில்தான் கிடக்கும். மரகதம் தட்டினால் உடையும், சோப்பும் வெந்நீரும் அதற்கு ஆகாது. முத்து இன்னும் மென்மை, வியர்வையும் வாசனைத் தைலமும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். மாணிக்கமும் நீலமும் ஒரே இனம், கடினத்தில் பத்துக்கு 9, வைரத்துக்கு அடுத்த வரிசை. தினமும் போட அவைதான் சரி. காதோடு ஒட்டிய சிறிய சிவப்புக்கல் கம்மல் 1,500 வெள்ளிக்குள் பாருங்கள். அவளையே கூட்டிப்போய்க் கேட்டு வாங்குங்கள். சங்கிலியும் கம்மலும் போக மிஞ்சும் 2,700 வெள்ளியை அவள் பெயரில் வங்கியில் போட்டு வையுங்கள். 1972 அடகுக்கடைச் சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காடு வரை போகலாம், மீட்க ஆறு மாதம். அந்த 2,700 கையில் இருந்தால் புதுக் குடித்தனத்தின் முதல் நெருக்கடியில் சங்கிலி அடகுக்குப் போகாது.

நீலக்கல் விஷயம் உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் அதைச் சேமிப்பாகக் கணக்கில் எழுதாதீர்கள். தவணையில் வாங்கவே வேண்டாம். ஜாதகம் பார்த்தவரே கல்லையும் விற்கிறார் என்றால் வேறு இடத்தில் விலை விசாரியுங்கள். நிறம் கூட்டக் கல்லைச் சூடாக்குவது வியாபாரத்தில் சகஜம், குற்றமில்லை. சூடாக்காத கல் என்று சொல்லி அதிக விலை கேட்டால் மட்டும், ரத்தினப் பரிசோதனைக்கூடச் சான்றிதழ் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக அந்த ஏழுகல் தோடு. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது இதுதான். மாற்றக் கொடுத்தால் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவார்கள், கல் சும்மா போய்விடும். அந்தக் காலத்துத் தோட்டில் வெறும் வெள்ளைக்கல்லும் இருக்கும், வைரமும் இருக்கும். பின்பக்கம் மூடிக் கட்டியிருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈப்போவுக்குக் கொண்டுபோய், நீங்கள் நகை வாங்க நினைக்காத ஒரு கடையில் காசு கொடுத்தே சோதிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே. வைரமாக இருந்தால் ஒரு கல்லையாவது மகளுக்குச் சின்னப் பதக்கமாகக் கட்டிக்கொடுங்கள். அந்தச் சங்கிலியிலேயே அதைக் கோத்துவிடலாம். சோதனை முடியும் வரை அட்டிகைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.