ஷாஃப்ட்டில் அச்சிட்ட எழுத்தை நம்பலாமா?

கோல்ஃப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வயது 46. டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் நீளக் கிளப்) ஸ்விங் வேகம் மணிக்கு 92 மைல் என்று கடையில் அளந்து சொன்னார்கள். 'ஆர்' ஃபிளெக்ஸ் (தண்டு வளையும் தன்மை) போதும் என்கிறார் கடைக்காரர். 'ஆறு மாசத்துல மாத்துவ, இப்பவே எஸ் வாங்கிடு' என்கிறார் கூட ஆடும் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?
– அண்ணா நகர் வாசகர், சென்னை

பதில்: இருவருமே ஷாஃப்ட்டில், அதாவது கிளப்பின் தண்டில், அச்சிட்ட அந்த எழுத்தை ஏதோ அளவுகோல் போல நினைத்துப் பேசுகிறார்கள். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று மென்மையிலிருந்து விறைப்புக்குப் போகும் வரிசை எல்லாக் கம்பெனிக்கும் பொதுதான். ஆனால் ஆர் எங்கே முடிந்து எஸ் எங்கே தொடங்குகிறது என்பதை அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பிராண்டு சட்டையில் மீடியம் எடுப்பவர் இன்னொன்றில் லார்ஜ் எடுக்க வேண்டிவருகிறதல்லவா, அதே கதைதான்.

வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தோராயக் கணக்கு இது: 75 மைலுக்குக் கீழே எல், 75–85 ஏ, 85–95 ஆர், 95–105 எஸ், அதற்கு மேல் எக்ஸ். 92 என்பது ஆர் வீட்டுக்குள் இருந்தாலும் எஸ் வாசலை ஒட்டி நிற்கிறது. இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது டெம்போ, அதாவது ஸ்விங்கின் தாளம். கிளப் மேலே போய் நின்று கீழே திரும்பும் அந்தக் கணத்தைப் பக்கவாட்டிலிருந்து ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். சடாரென்று பிடுங்கி இழுப்பவர் என்றால் ஷாஃப்ட் அதிகம் வளையும், எஸ் பக்கம் சாயலாம். நிதானமாக இறங்கி, பந்துக்கு அருகில்தான் வேகம் கூட்டுபவர் என்றால் அதே 92க்கு ஆர் தாராளம்.

ஆனால் ஃபிளெக்ஸுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது எடை. எங்கள் பட்டியலில் அதுதான் முதலில். டிரைவர் கிராஃபைட் ஷாஃப்ட் சுமார் 40 முதல் 80 கிராம் வரை கிடைக்கிறது. வார இறுதியில் ஆடுபவர் பலருக்கு 50–65 கிராமில் தீர்ந்துவிடும். மிக லேசாக இருந்தால் கை முந்திக்கொள்ளும். பந்து ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று சிதறும். மிகக் கனமாக இருந்தால் முதல் பத்து ஹோல் நன்றாகப் போய், பதினான்கில் கை சோர்ந்து, ஃபேஸ் (கிளப்பில் பந்து படும் முகம்) மூடாமல் பந்து வலப்பக்கம் நழுவும். இங்கே சொல்லும் இடவலம் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு.

சோதிக்கும் முறை: முதலில் 20 பந்து அடித்து உடம்பைச் சூடாக்குங்கள். ஒரே ஹெட் (கிளப்பின் தலை), ஒரே லாஃப்ட் (ஃபேஸின் சாய்வு), ஒரே நீளம். மாறுவது ஷாஃப்ட் மட்டும்: 55 கிராம் ஆர், 55 கிராம் எஸ், 65 கிராம் ஆர். ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து பந்து மாற்றி மாற்றி இரண்டு சுற்று அடியுங்கள். ஒன்றையே பத்து முறை தொடர்ந்து அடித்தால் கடைசி ஷாஃப்ட் களைத்த கையோடு மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பத்திலும் மோசமான இரண்டைத் தள்ளிவிட்டு, மீதி எட்டும் இடவலமாகச் சிதறிய அகலத்தைப் பாருங்கள். ஃபேஸில் ஒயிட்போர்டு மார்க்கரால் லேசாகப் பூசிக்கொண்டால் பந்து பட்ட இடம் அழிந்து தெரியும். அந்தத் தடங்கள் எந்த ஷாஃப்ட்டில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் நெருங்கி விழுகின்றனவோ, அதை வாங்குங்கள். ஒரே ஒரு பந்து 15 கஜம் கூடுதலாகப் போனதைப் பார்த்து மயங்குவதுதான் கடையில் எல்லாரும் செய்யும் தப்பு.

கேள்வி: மென்மையான ஷாஃப்ட் சவுக்கு மாதிரி சொடுக்கிப் பந்தைத் தூரம் தள்ளும் என்கிறார்களே?
– மதுரை வாசகர்

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, நடப்பது அதுவல்ல. பந்தும் ஃபேஸும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஷாஃப்ட்டால் தனியாக எதுவும் தள்ள முடியாது. கிளப் ஹெட்டின் எடை மையம் ஷாஃப்ட்டின் நேர்கோட்டில் இல்லை, சற்றுப் பின்னால் இருக்கிறது. வேகமாகச் சுழலும்போது அந்த மையம் கையின் இழுப்புக் கோட்டுக்கு வரப் பார்க்கும். அதனால் பந்தைத் தொடும் நேரத்தில் ஷாஃப்ட் முன்பக்கமாக வளைந்திருக்கும். மென்மையானது கூடுதலாக வளையும், லாஃப்ட் கொஞ்சம் ஏறும், ஃபேஸ் கொஞ்சம் மூடும். ஆகவே பந்து உயரமாக, இடப்பக்கம் சாய்ந்து போகும். விறைப்பு அதிகமானால் தாழ்வாக, வலப்பக்கம். மாற்றம் அவ்வளவுதான். வலப்பக்கம் 30 கஜம் வளையும் ஸ்லைஸுக்கு ஷாஃப்ட் மருந்தாகாது. பயிற்சியாளரிடம் போய் ஃபேஸைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: ஊட்டி மைதானத்தில் டிரைவர் கேரி (பந்து தரை தொடும்வரை பறக்கும் தூரம்) 240 கஜம் வருகிறது. அதை வைத்து எஸ் ஃபிளெக்ஸ் வாங்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிவு, பந்துக்குத் தடை குறைவு. 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் தூரம் கூடும் என்று வைத்தால், அதே அடி கோவையில் 225 கஜத்தை ஒட்டித்தான் விழும். தூரத்தை விடுங்கள், ஸ்விங் வேகத்தை அளந்து வாங்குங்கள். மெலிந்த காற்றில் பந்து எழும்புவதும் குறையும் என்பதால், 'தாழ்வாகப் போகிறதே' என்று அங்கே பார்த்து லாஃப்ட்டையும் மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: டிரைவர் 45¾ அங்குலம். நீளம் அதிகமாகத் தோன்றுகிறது. ஒரு அங்குலம் வெட்டலாமா?
– பெட்டாலிங் ஜெயா வாசகர், மலேசியா

பதில்: வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் கிரிப்பில் ஒரு அங்குலம் இறக்கிப் பிடித்து ஆடுங்கள். நடுவில் படும் பந்து கூடினால் மட்டும் வெட்டுங்கள். வெட்டுவது கிரிப் பக்கம். ஹெட் பக்கம், அதாவது டிப்பில் வெட்டினால் ஷாஃப்ட் தெளிவாக விறைத்துவிடும், திரும்பப் பெற வழியில்லை.

அடுத்தது ஸ்விங்வெயிட், அதாவது வீசும்போது ஹெட் கைக்கு எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு. அரை அங்குலத்துக்கு மூன்று புள்ளி குறையும்; ஒரு அங்குலத்துக்கு ஆறு. டி2 இருந்தது சி6 ஆகிவிடும் (ஒவ்வொரு எழுத்துக்கும் 0 முதல் 9 வரை), ஹெட் எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது. 2 கிராம் ஈயப் பட்டை ஹெட்டில் ஒட்டினால் ஒரு புள்ளி ஏறும். முழுதும் ஈடுகட்ட 12 கிராம் வேண்டும். ஒரேயடியாக ஒட்டாமல் 4 கிராமில் தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டிப் பாருங்கள். பலருக்கு 6, 8 கிராமிலேயே நிறைவு வந்துவிடும்.

கேள்வி: வயது 62. முழங்கை வலி. அயர்ன்களின் (உலோகத் தலைக் கிளப்புகள்) ஷாஃப்ட்டை ஸ்டீலிலிருந்து கிராஃபைட்டுக்கு மாற்றினால் பந்து பறந்துவிடும், கட்டுப்பாடு போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– கொழும்பு வாசகர்

பதில்: வலிக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள். கிராஃபைட் அதிர்வைக் குறைக்கும், காயத்தை ஆற்றாது. கட்டுப்பாடு போவது கிராஃபைட்டால் அல்ல, எடையை ஒரேயடியாக இறக்குவதால். 130 கிராம் ஸ்டீலில் பழகிய கைக்கு 60 கிராமைக் கொடுத்தால் வெறுங்கையை வீசுவது போலிருக்கும். 80–95 கிராம் கிராஃபைட் அயர்ன் ஷாஃப்ட்டுகள் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். வெட்ஜை (குறுந்தூர அடிக்கான கிளப்) மட்டும் சற்றுக் கனமாக வைத்துக்கொள்ளலாம். கிரிப்பையும் பாருங்கள்: தேய்ந்து வழவழத்த கிரிப்பை இறுக்கிப் பிடிப்பதே பாதி முழங்கையைத் தின்னும்.

கேள்வி: ஏழாம் அயர்ன் ஸ்டீல் ஷாஃப்ட் ஹோசலை (ஹெட்டில் ஷாஃப்ட் நுழையும் குழாய்) ஒட்டி முறிந்துவிட்டது. நானே மாட்டலாமா?
– திருவான்மியூர் வாசகர், சென்னை

பதில்: கடற்காற்று உள்ள ஊர். ஃபெரூல் (ஹோசலுக்கு மேல் ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள வளையம்) அடியில் ஈரம் நின்று துரு அரித்திருக்கலாம். மற்ற அயர்ன்களையும் அந்த இடத்தில் துடைத்துப் பாருங்கள்.

மாட்டலாம். முதலில் டிப் அளவு: 0.355 அங்குல டேப்பரா (நுனி நோக்கிக் குறுகுவது), 0.370 பேரலலா (ஒரே தடிமன்)? மாற்றி வாங்கினால் ஒன்று உள்ளே போகாது, மற்றொன்று லொடலொடக்கும். ஹோசலைச் சூடாக்கி, உள்ளே முறிந்து நிற்கும் ஷாஃப்ட் துண்டை எடுத்து, பழைய பசையைச் சுரண்டுங்கள். புது ஷாஃப்ட்டின் நுனியில், ஹோசலுக்குள் போகும் நீளத்துக்கு மட்டும், குரோம் பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு விரல் படக்கூடாது. விரலின் எண்ணெயே பசையைக் கெடுக்கும். கிளப்புக்கென்று வரும் இரண்டு பாக எபாக்ஸியைச் சம அளவில் கலந்து, ஹோசலின் உள்ளேயும் நுனியிலும் தடவி, திருகிக்கொண்டே அடிவரை இறக்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி அடியின் அதிர்ச்சி தாங்காமல் நொறுங்கும், ஹெட் பந்துக்கு முன்னால் பறக்கும். ஹெட் கீழே இருக்கச் சுவரில் சாய்த்து 24 மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு ரேஞ்சுக்குக் கொண்டுபோங்கள்.