போன் இல்லாமல் ஒரு வாய்கூட இறங்க மாட்டேன் என்கிறது

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். எடை 11.4 கிலோ. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை அவனைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. சோற்றை மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்கிறோம். பருக்கை தட்டுப்பட்டால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறான். பால் மட்டும் பாட்டிலில் நாளைக்கு நான்கு முறை, 200 மில்லி வீதம் குடிப்பான். அதில் ஒன்று பதினோரு மணிக்கு. பேச்சு இருபது வார்த்தைக்குள். போனை நிறுத்தலாம் என்றால், “அப்போ நீயே வீட்டுல இருந்து ஊட்டு” என்கிறார் அத்தை. அவருக்கு மூட்டுவலியும் இருக்கிறது. கணவர், “சாப்பிட்டா சரி, விடு” என்கிறார். மதியம் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, “சாப்பிட்டானா, எவ்வளவு சாப்பிட்டான்?” என்று கேட்டால்கூட இப்போதெல்லாம் அத்தை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த மதியக் கேள்வியில்தான் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். தினமும் ஒரு மணிக்கு உங்கள் மாமியாரிடம் ஒரு கணக்கு கேட்கப்படுகிறது. கிண்ணம் காலியானால் அவர் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொண்டார். மீதி இருந்தால் அவர் மேல் குறை. இப்படி ஒரு கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர், மூட்டுவலியோடு தனியாக இருப்பவர், கிண்ணத்தை நிச்சயமாகக் காலி செய்யும் வழியைத்தானே எடுப்பார்? அந்த வழி போன். ஆகவே போனை எடுப்பதற்கு முன் அந்தக் கணக்கை எடுத்துவிடுங்கள். மருமகளாக நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அதைச் செய்யாமல் போனை மட்டும் பிடுங்கினால் மூன்றாம் நாளே அது திரும்ப வந்துவிடும்.

முதலில் அவன் எடையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் 2 வயது 4 மாத ஆண் குழந்தைக்கு நடுக்கோடு 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கவலைப்பட வேண்டிய கீழ்க்கோடு 10 கிலோவுக்குச் சற்று மேலே. 11.4 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு நாள் எடையை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. தடுப்பூசி அட்டையில் பழைய எடைகள் இருக்கும். அவற்றை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கோட்டை ஒட்டி வந்திருந்தால் அவன் உடல்வாகு அது. மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கி வந்திருந்தால் மட்டும் மருத்துவர் காரணம் தேட வேண்டும்.

“ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், அப்புறம்தான் குறைஞ்சுபோச்சு” என்று அநேகமாக உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். உண்மைதான், அப்படித்தான் குறையும். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோவைத் தொட்டுவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டரை கிலோ அளவு. அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையும். இன்று இரண்டு இட்லி தின்றவன் நாளை அரை இட்லியோடு எழுந்துபோவது இந்த வயதின் இயல்பு. புதிய உணவைக் கண்டால் முகத்தைத் திருப்புவதும் இரண்டு வயதில்தான் உச்சத்துக்குப் போகும். ஒரு காய் தட்டில் பத்துப் பதினைந்து முறை வந்து போன பிறகே சில பிள்ளைகள் அதைத் தொடுவார்கள்.

அடுத்தது பால். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 1000 முதல் 1100 கலோரி. 800 மில்லி பாலில் சுமார் 500 கலோரி இருக்கிறது, சர்க்கரை சேர்த்தால் இன்னும் கூடும். அன்றைய பசியில் பாதி பாட்டிலிலேயே தீர்ந்துவிடுகிறது. அதிலும் பதினோரு மணிக்கு 200 மில்லி குடித்தவனுக்கு ஒரு மணிக்குப் பசிக்க நியாயமே இல்லை. அவன் சோற்றை மறுப்பது அடமே இல்லை, வயிறு நிறைந்திருக்கிறது. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. பால் அதிகம் குடித்துச் சோறு குறைவாகத் தின்னும் பிள்ளைகளுக்கு ரத்தசோகை சுலபமாக வரும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். ஒரு முறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்கிற அளவில் இரும்புச் சத்து சொட்டு மருந்து தேவைப்படும்.

போன் ஓடும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண் திரையில் இருக்கும். ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கும். உணவின் நிறத்தை அவன் பார்ப்பதில்லை. நாக்கில் இருப்பது என்ன என்று கவனிப்பதில்லை. மெல்ல மறந்து உள்ளே வைத்துக்கொண்டிருப்பான். பாட்டு மாறும் இடைவெளியில்தான் விழுங்குவான். போதும் என்று வயிறு சொல்வதும் அவனுக்கு எட்டாது. மெல்லாமல் விழுங்கியே பழகுவதால்தான் பருக்கை தட்டுப்பட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்குகிறான். அப்படி ஒதுக்கி வைக்கும் மாவுச்சத்து பல்லையும் சொத்தையாக்கும். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமே அதைப்போல மூன்று மடங்கு.

ஊட்டும் பிரச்சினைக்கு அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த ஒரு முறையைத்தான் இன்று பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். என்ன உணவு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் முடிவு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. கேட்கச் சுலபம். இரண்டாம் பாதியை விட்டுக்கொடுக்கத்தான் நம் வீடுகளில் யாருக்கும் மனம் வருவதில்லை.

நீங்கள் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுக்கக்கூடிய ஒரு வார இறுதியில் தொடங்குங்கள். காய்ச்சல், சளி, ஊர்ப்பயணம், விசேஷம் இருக்கும் வாரம் வேண்டாம். அதற்கு முந்தைய வாரத்திலேயே பாலைக் குறைக்க ஆரம்பித்துவிட வேண்டும். முதலில் போக வேண்டியது பதினோரு மணிப் பாட்டில். நான்கைந்து நாள் கழித்து இரவுத் தூக்கத்தில் கொடுக்கும் பாட்டில். காலையும் மாலையும் 200 மில்லி, டம்ளரில், அவ்வளவு போதும். பாட்டிலை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

எட்டு மணிக்குக் காலை உணவு, பத்தரைக்கு ஒரு பழம், ஒரு மணிக்குச் சோறு, நாலு மணிக்குப் பாலும் ஏதாவது பலகாரமும், ஏழரைக்கு இரவு உணவு. இடையில் தண்ணீர் மட்டும். அத்தையால் தரையில் உட்கார முடியாது என்பதால் அவர் நாற்காலியில் உட்காரட்டும், அவர் எதிரே அவனுக்குக் கால் தரையில் படுகிற மாதிரி ஒரு குட்டி நாற்காலியும் முக்காலியும் போடுங்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தால் பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும். அத்தையும் அதே நேரத்தில் தன் தட்டில் சாப்பிட வேண்டும். பிள்ளைக்கு ஊட்டி முடித்து மூன்று மணிக்குத் தனியாகச் சாப்பிடுகிற வழக்கம் அவருக்கும் நல்லதில்லை. பிறர் மெல்லுவதைப் பார்க்காத பிள்ளை மெல்லக் கற்பதும் கடினம்.

தட்டில் வைப்பது கொஞ்சமாக இருக்கட்டும். வகைக்கு இரண்டு மேசைக்கரண்டி: பருப்புச் சோறு இரண்டு, பொரியல் இரண்டு, ஓரத்தில் அவனே எடுத்துத் தின்ன ஒரு துண்டு வேகவைத்த கேரட்டோ முட்டையில் கால் பாகமோ. கேட்டால் மறுபடி வைக்கலாம். மலைபோல் குவித்த தட்டைப் பார்த்தே பல பிள்ளைகள் தோற்றுப்போகிறார்கள். இருபது நிமிடம் பாருங்கள், மிஞ்சினால் முப்பது. பிறகு, “சரி, கை கழுவலாம்” என்று தட்டை எடுத்துவிட வேண்டும். திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். சாப்பிட்டதற்குக் கைதட்டலும் வேண்டாம். அதுவும் ஒரு நெருக்கடிதான்.

மிக்ஸியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். போனை நிறுத்துகிற அதே வாரத்தில் இதையும் செய்தால் இரண்டும் கெடும். முதல் வாரம் மிக்ஸிச் சோறே இருக்கட்டும், கூடவே கையில் பிடித்துத் தின்ன மெத்தென்று ஏதாவது: இட்லித் துண்டு, தோசை ஓரம் நீக்கிய கீற்று, வாழைப்பழம், இடியாப்பம். இரண்டாம் வாரம் கையால் நன்றாக மசித்த சோறு, மூன்றாம் வாரம் அரைகுறையாக மசித்தது. கட்டி உணவுக்குப் பழக வேண்டிய காலம் ஏழெட்டு மாதத்திலேயே தொடங்குகிறது. அவனுக்கு அது தள்ளிப்போயிருக்கிறது, அதனால் நிதானம் வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும் வயதும் இது. சில நாள் மெல்ல மறுத்தால் ஈறு வலியாகவும் இருக்கலாம். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட் துண்டு ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நான்கைந்து வயது வரை தரவே வேண்டாம்.

முதல் நாள் அழுவான். இரண்டாம் மூன்றாம் நாள் இன்னும் மோசமாகும்: தட்டைத் தள்ளுவான், போன் இருக்கும் அலமாரியைக் காட்டிக் கத்துவான். இது வழக்கம் உடைகிறபோது வருகிற சத்தம். இந்த இரண்டு நாளில் ஒரு தடவை போனைக் கொடுத்துவிட்டால், எவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை அந்த அளவு கத்துவான். நல்ல உடல்நிலையில் இருக்கும் பிள்ளை இரண்டு மூன்று நாள் குறைவாகத் தின்றால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா, விளையாடுகிறானா என்று மட்டும் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, சோர்ந்து கிடக்கிறான் என்றால் முயற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தானே கையை நீட்டுவான்.

இது கெட்டுப்போகிற இடங்கள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். ஒரு மணிச் சோற்றைத் தொடாதவனுக்கு இரண்டு மணிக்கு, “பாவம், வெறும் வயிறு” என்று பிஸ்கட்டு வரும். மாலையில் கடையிலிருந்து சிப்ஸ் பாக்கெட் வரும். இரவு எட்டு மணிக்கு அப்பா வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே தன் போனைப் பார்ப்பார். இந்த மூன்றாவதைப் பற்றிக் கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பிள்ளையிடமிருந்து வாங்கி வைத்த பொருள் அப்பா கையில் ஒளிர்ந்தால் அவன் எப்படி ஒப்புவான்?

மாமியாரிடம் பேச வேண்டிய பேச்சில் முக்கால் பங்கு கணவருடையது. மருத்துவர் பேசும் வீடியோவை அத்தைக்கு அனுப்பாதீர்கள். “நீங்கள் செய்வது தப்பு” என்பதை வேறொருவர் வாயால் சொல்வதாகத்தான் அவருக்குப் படும். கணவர் தன் அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: “அம்மா, எடை நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு வாரம் அவன் சாப்பிடலைன்னா அது உங்க குறை இல்ல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு.” நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: “அத்தை, இனிமே எவ்வளவு சாப்பிட்டான்னு நான் கேக்க மாட்டேன். நேரத்துக்கு வச்சாப் போதும்.” பிறகு உண்மையாகவே கேட்காதீர்கள். மதியம் கூப்பிடுங்கள், ஆனால் அவர் சாப்பிட்டாரா, கால் எப்படி இருக்கிறது, பையன் என்ன சேட்டை செய்தான் என்று கேளுங்கள். மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பத்து மணி நேரத்தில் அந்தப் போன்தான் அவருக்குக் கிடைத்த ஓய்வு. அதை எடுத்தால் வேறு ஓய்வு கொடுத்தாக வேண்டும். மதியச் சமையலைக் காலையிலேயே நீங்களும் கணவரும் முடித்துவைக்கலாம். பதினொன்றிலிருந்து ஒன்று வரை உதவிக்கு ஒருவரை வைக்கலாம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், மதிய உணவும் உண்டு. வீட்டில் வாயே திறக்காத பிள்ளை, வரிசையாக உட்கார்ந்து தின்னும் பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே தானாக எடுத்துத் தின்பது சாதாரணமாக நடப்பதுதான்.

பேச்சைப் பற்றி மட்டும் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு வயதில் ஐம்பது வார்த்தை அளவும், “அம்மா வா”, “பால் வேணாம்” போல இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இருபதுக்குள் என்கிறீர்கள். “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று யார் சொன்னாலும் இந்த மாதமே காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். குழந்தை மருத்துவரிடம் சில விஷயங்களை மறக்காமல் சொல்ல வேண்டும்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, ஒரு பொருளைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டுகிறானா, சொன்ன சின்ன வேலையைச் செய்கிறானா. மெத்தென்ற கட்டிக்கும் குமட்டி வாந்தி எடுக்கிறான், தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். போன் கொடுத்ததால் ஆட்டிசம் வந்துவிட்டதோ என்று பயந்து உங்களையோ அத்தையையோ வருத்திக்கொள்ளாதீர்கள். ஆட்டிசம் போன் பார்ப்பதால் வருவதில்லை. திரை தின்றுவிடுவது பேச்சுக்கான நேரத்தை. மேசையில், “சூடு, ஊது”, “இன்னும் வேணுமா?”, “கேரட் உருண்டுபோச்சு” என்று அப்பத்தாவும் பேரனும் பேசிக்கொள்ளும் இருபது நிமிடம், நாளைக்கு மூன்று வேளை அவனுக்குத் திரும்பக் கிடைக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்துக்கான இடையீட்டு மையம் இருக்கிறது. காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் விசாரியுங்கள். எடையை ஒரு மாதம் கழித்து, இப்போது பார்த்த அதே தராசில் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். வாரா வாரம் நிறுத்துப் பார்த்தால் 100 கிராம் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் வீட்டில் மறுபடி கணக்குக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.