தனியாக வாங்கிய டெம்பரேச்சர் மீட்டருக்கு எஞ்சினில் சென்சாரை எங்கே பொருத்துவது?

கேட்டிருப்பது இதுதான்: பழைய டீசல் ஜீப், டேஷ்போர்டு மீட்டர் செத்துவிட்டது, தனி மீட்டரும் சென்சாரும் வாங்கியாயிற்று. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு அடாப்டர் போட்டு, அதில் சென்சாரை முறுக்கிவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

செய்யாதீர்கள். செய்தே தீருவேன் என்றால் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய ஜீப் என்பதால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் முன்பக்கம், மேல் ஹோஸ் கிளம்பும் இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். எஞ்சின் சூடேறும் வரை அது மூடியிருக்கும். 82 என்று அடித்த வால்வு என்றால் அந்த டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும். அதுவரை மேல் ஹோஸில் ஓட்டமே இல்லை. அங்கே உட்காரும் சென்சாருக்கு, தெர்மோஸ்டாட் மனது வைத்து விட்ட தண்ணீரின் சூடுதான் தெரியும். வால்வு ஒழுங்காக இருக்கும் நாளில் பெரிய வித்தியாசம் இருக்காது. மூடியபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் கீழேயே கிடக்கும். எந்த ஆபத்துக்காக மீட்டர் வாங்கினீர்களோ, அந்த ஆபத்தில் அது வாயைத் திறக்காது.

கொல்லிமலை ஏற்றத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். வண்டி என் மச்சினனுடையது. அவனும் உங்களைப் போலவே மீட்டர் வாங்கி, கடையிலேயே ஹோஸை வெட்டி மாட்டிக்கொண்டு வந்திருந்தான். காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், பாதி நேரம் முதல் கியர்தான். "பாருங்க மாமா, 60ஐத் தாண்டவே இல்லை" என்று மீட்டரைக் காட்டிக்கொண்டே ஓட்டினான். எனக்கோ வாசனை சரியாகப் படவில்லை. இழுவையும் குறைந்துகொண்டே வந்தது. நிறுத்தச் சொன்னேன். மீட்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்று முனகிக்கொண்டே நிறுத்தினான்.

பானட்டைத் திறந்து மேல் ஹோஸைத் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங் மேல் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன், சுர்ரென்று ஆவியாகிப் போனது. இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் தூரம்கூட இல்லை. இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? எஞ்சினை அணைத்து, ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் ஆறும் வரை உட்கார்ந்தோம். ஹெட்டுக்கு அடியில் சீலாக இருக்கும் கேஸ்கெட் தப்பியது. கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன், அன்று மீட்டரை நம்பியிருந்தால் ஹெட்டை இறக்க வேண்டி வந்திருக்கும்.

கீழே வந்ததும் மெக்கானிக் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வே தேவை இல்லைங்க, கழற்றிப் போட்டுடலாம்." இதைக் கேட்காத பழைய வண்டிக்காரர் தமிழ்நாட்டில் யாராவது உண்டா? வால்வு இல்லாமல் ஓடும் எஞ்சின் சூடாகவே நேரம் எடுக்கும், காலையில் புகை தள்ளும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். இன்னொன்றும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பக்கம் பைபாஸ் வழியை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையட்டும் என்று கழற்றியது மலையில் சூட்டை ஏற்றிவிடும்.

கழற்றிய வால்வை வீட்டுக்கு எடுத்து வந்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன் (அம்மா அந்தப் பாத்திரத்தை அப்புறம் அடுப்பில் ஏற்றவே விடவில்லை). தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது அசையவில்லை. புதிதாக வாங்கியது, கொதி வருவதற்கு முன்பே மெல்ல வாய் திறந்தது. நீங்களும் மாட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், செலவில்லாத சோதனை.

சரி, இடத்துக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கம், ஓடுகிற தண்ணீரில் சென்சாரின் நுனி முங்க வேண்டும். முதலில் பழைய மீட்டரின் சென்சார் இருந்த துளையையே பாருங்கள். மீட்டர்தான் செத்துவிட்டதே, அந்தச் சென்சார் அங்கே எதற்கு? அது சரிவராவிட்டால் ஹவுசிங்கின் கீழ்ப்பாதியிலோ ஹெட்டிலோ பிளக் அடித்த துளை இருக்கிறதா என்று தேடுங்கள். ஹெட்டில் ஹீட்டருக்கு விட்ட வழி பல எஞ்சின்களில் உண்டு. நாமக்கல் வெயிலில் ஹீட்டர் யார் போடப் போகிறார்கள்? மச்சினன் வண்டியில் ஹவுசிங்கின் அடியில், கிரீஸும் மண்ணும் அப்பிய பிளக் ஒன்று இருந்தது. சுரண்டிய பிறகுதான் கண்ணுக்கே தெரிந்தது.

துளை பெரிது, சென்சார் சின்னது. லேத் பட்டறையில் இரண்டுக்கும் நடுவில் போட பித்தளை புஷ் கடையச் சொன்னோம். இங்கேதான் மரை வம்பு. மீட்டரோடு வரும் சென்சார்களில் நிறைய 1/8 என்.பி.டி. (அமெரிக்க பைப் மரை): இன்ச்சுக்கு 27 மரை. பட்டறையில் கையோடு இருப்பது பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் மரை) டேப்: இன்ச்சுக்கு 28. கோணமும் வேறு. ஓரிரு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். சீல் ஆகிவிட்டது என்று நினைப்போம், சூடேறியதும் கசியும். லேத்காரர் மரை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம டேப் இல்லைங்க" என்று திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர். புஷ்ஷை நீளமாக விடாதீர்கள். நுனி உள்ளே எட்டாமல் குழிக்குள் நின்றுவிட்டால், தேங்கிய தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும்.

பிளக்கே இல்லை என்றால் ஹவுசிங்கைக் கழற்றி வெளியே வைத்து எட்டரை மில்லி துளையிட்டு மரை போடுங்கள். வண்டியில் இருக்கும்போதே டிரில் பிடித்தால் பிசிறு உள்ளே போகும். கீழ் ஹோஸ் வேண்டவே வேண்டாம், அது ரேடியேட்டரில் ஆறி வரும் தண்ணீர்.

ஒற்றை வயர் சென்சாருக்கு உடம்புதான் எர்த். டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி மாட்டினால் முள் ஒழுங்காகக் காட்டாமல் போகலாம். ஹோஸ் அடாப்டரில் போட்டால் இரண்டு பக்கமும் ரப்பர், தனியாக எர்த் வயர் இழுத்தே ஆக வேண்டும். இன்னொரு விஷயம், ஏற்றத்தில் உச்சியில் இருந்த முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் வெளியேறிச் சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

இத்தனை பாடும் எதற்கு, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புது வண்டி வாங்கு என்று கமெண்டில் வருவீர்கள். தெரியும். அரசாங்கமும் அதையே சொல்கிறது. 15 வருடம் தாண்டிய சொந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5000 ஆனது. பசுமை வரி தனி. ஒழுங்காகப் பராமரித்து, மாதத்துக்கு நாலு தடவை மலை ஏறும் ஜீப்பும், தினமும் நகரத்தில் புகை கக்கும் வண்டியும் அந்தக் கணக்கில் ஒன்றே. என்ன நியாயமோ.

"மேல் ஹோஸில் போட்டுப் பல வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் எஞ்சினில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், தண்ணீர் உள்ளே நுழையும் வழியில் இருக்கலாம். நிறைய எஞ்சின்கள் அப்படித்தான். அங்கே மேல் ஹோஸில் வருவது எஞ்சினிலிருந்து நேரே வரும் தண்ணீர், அடாப்டர் போட்டால் தப்பில்லை. நான் மெக்கானிக்கும் இல்லை, ஆட்டோமொபைல் படித்தவனும் இல்லை, தவறு இருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள். ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டிக்காரர்கள் கம்பெனி சென்சாரின் வயரில் கைவைத்து மீட்டருக்கு இழுக்க வேண்டாம், ஈ.சி.யு.வுக்குத் தப்பான சூடு போகும். ஓ.பி.டி. (கருவி செருகி எஞ்சின் விவரம் படிக்கும் சாக்கெட்) இருந்தால் முதலில் அதில் படித்துப் பாருங்கள்.

கேட்டவருக்கு: மீட்டரும் சென்சாரும் ஒரே ஜோடியா? 120 டிகிரி வரை காட்டும் வி.டி.ஓ. கம்பெனி வகைச் சென்சார் 100 டிகிரியில் சுமார் 38 ஓம் மின்தடை காட்டும், ஈ.சி.யு.வுக்கான பாஷ் வகைச் சென்சார் அதே சூட்டில் 180 ஓமுக்கு மேல். மாற்றி மாட்டினால் முள் சொல்வதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. இரண்டின் மேலும் அடித்திருக்கும் எண்களைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.