போனில் வருகிறது, கணினியில் வரவில்லை!

கேள்வி: வேகத்தைக் கூட்டும் என்று பேரன் நிறுவிய இலவச மென்பொருளை நீக்கியதிலிருந்து, எங்கள் விண்டோஸ் 7 கணினியில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள், டீச்சர். போனில் வருகிறதென்றால் இணைப்பில் குறையில்லை. அந்த மென்பொருள் தன் ப்ராக்ஸி அமைப்பை (கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர்) விட்டுவிட்டுப் போயிருக்கும். காலி செய்துவிட்டுப் போனவர் வீட்டுக்கே தபாலெல்லாம் போய்க்கொண்டிருப்பது போல. கன்ட்ரோல் பேனலில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'கனெக்‌ஷன்ஸ்' பகுதியில் 'லேன் செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். ப்ராக்ஸி சர்வர் கட்டத்தில் டிக் இருந்து, கீழே 127.0.0.1 என்றும் இருந்தால் திருடன் அகப்பட்டான். அது உங்கள் கணினி தன்னையே குறிக்கும் எண்! டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். பிரவுசரை மூடித் திறங்கள். எனக்கு இதே கூத்து நடந்தபோது இரண்டு நாள் மோடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகும் சில தளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று அடம்பிடித்தால், திரை மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய ஆண்டைக் காட்டினால், தேதியை நினைவில் வைத்திருக்கும், மதர்போர்டிலுள்ள (கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகை) வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வகைதான்; அதை மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள்.

ஒன்று மட்டும்: வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. வங்கி வேலையைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.