கிரியேற்றினின் சரி என்றால் சிறுநீரகம் தப்பியதா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய். 49 வயதிலேயே டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. எனக்கு 28. ஸ்கானில் எனக்கும் கட்டிகள் இருக்கின்றன, ஆனால் இரத்தத்தில் தேங்கும் சிறுநீரகக் கழிவைக் காட்டும் கிரியேற்றினின் 0.9, நோர்மல்தான். நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் புதுப் பரிசோதனை இருக்கிறதாம். கொழும்புக்குப் போய்ச் செய்யலாமா? 19 வயதுத் தம்பியையும் ஸ்கான் எடுக்க விடவேணுமா? ஊரில் சிலர் கிணற்றுத் தண்ணிதான் காரணம் என்கிறார்கள்.

பதில்: அந்தக் காசை இப்போதைக்கு வைத்திருங்கள். நீங்கள் கேள்விப்பட்டது கிம்-1, என்கால், எம்சிபி-1 போன்ற புரதங்களாக இருக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் காயப்பட்டால் சிறுநீரில் இவை கூடும். நிறையப் பேரை ஒன்றாக வைத்து ஆராயும்போது பயன் தெரிகிறது. தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. வெயிலில் நாள் முழுக்க வயலில் நின்று உடம்பு நீர் வற்றினாலும், சிறுநீரில் தொற்று இருந்தாலும் இவற்றில் சில ஏறிவிடும். அப்படி வரும் எண்ணை வைத்து வன்னி விவசாயி ஒருவருக்கு நான் என்ன சொல்ல முடியும்?

தண்ணிக் கதைக்கும் காரணம் உண்டு. மதவாச்சி, பதவியா தொடங்கி வவுனியா வரை காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. கிணற்று நீர் அதன் சந்தேகப் பட்டியலில் நிற்கிறது. ஆனால் அந்த நோய் முற்றும்போது சிறுநீரகம் சுருங்கும். உங்கள் வீட்டு நோய் பரம்பரையாக வருவது, அதில் சிறுநீரகம் பெருக்கும்.

அந்தப் பெருக்கம்தான் உங்களுக்கு வேண்டிய அடையாளம். கட்டிகள் நல்ல திசுவை அழித்துக்கொண்டு போனாலும், மிஞ்சிய வடிகட்டிகள் கூடுதலாக உழைத்துக் கிரியேற்றினினைப் பல வருடம் அசையவிடாது. அளவு அப்படி ஒளிக்காது. இரண்டு சிறுநீரகங்களின் மொத்தக் கனவளவை உயரத்தால் வகுத்து, வயதோடு சேர்த்துப் பார்க்கும் வகைப்பாட்டை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2015 இல் வெளியிட்டது. உதாரணமாக மொத்தம் 1200 மில்லிலீற்றர், உயரம் 1.7 மீற்றர் என்றால் மீற்றருக்கு ஏறக்குறைய 700. 28 வயதில் இது வேகமாக வளரும் 1டி வகை. 60 வயதில் அதே எண் மெதுவான 1பி. எம்ஆர்ஐ அல்லது சிரி ஸ்கானில் அளப்பது நல்லது. அது கிடைக்கும் வரை, அல்ட்ராசவுண்ட் எடுப்பவரிடம் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "பெருத்துள்ளது" என்று மட்டும் எழுதிய ரிப்போட்டால் பயனில்லை. 45 வயதுக்குள் நீளம் 16.5 சென்றிமீற்றரைத் தாண்டுவது வேகத்தின் அறிகுறி.

காசில்லாத அடையாளமும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: அப்பாவின் 49. ஐம்பத்தைந்துக்கு முன்பே சிறுநீரகம் செயலிழந்திருந்தால் பெரும்பாலும் பிகேடி1 மரபணுவின் பழுது. இதே நோயைத் தரும் மற்ற மரபணுவான பிகேடி2 என்றால் செயலிழப்பு பொதுவாக எழுபது வயதுகள் வரை தள்ளிப்போகும். 35 வயதுக்கு முன் பிறஷர் ஏறுவதும், சிறுநீரில் இரத்தம் போவதும் நோய் வேகமாகப் போகும் அறிகுறிகளே.

ஆகவே பிறஷரை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். சிறுநீரகம் நன்றாக இயங்கும் இளையவர்களிடம் அதை 110/75 க்குக் கீழே வைத்தால் சிறுநீரகம் பெருப்பது மெதுவாகிறது என்று 2014 இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அந்த இலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் கிளினிக்கில் தீர்மானிக்கட்டும். பழைய ரிப்போட்டுகளை எறியாதீர்கள். 0.8 இலிருந்து 1.1 க்குப் போனாலும் தாளில் "நோர்மல்" என்றுதான் இருக்கும். உங்கள் வயது ஆண் ஒருவருக்கு சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 120 சொச்சம் மில்லிலீற்றரிலிருந்து 94 அளவுக்கு இறங்கியிருக்கும்.

தம்பிக்கு இந்த நோய் வந்திருக்க ஐம்பது வீதம் வாய்ப்பு. அவன் விரும்பினால் ஸ்கான் செய்யலாம். கல்யாணப் பேச்சு, வெளிநாட்டு மெடிக்கல் என்று பின்னால் வரும் கரைச்சல்களை முதலே அவனோடு கதைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று கட்டி இருந்தால் நோய் உறுதி. ஒன்றுமில்லை என்று வந்தாலும் 19 வயதில் அது முடிவல்ல, பிறகும் பார்க்கவேணும். ஸ்கான் வேண்டாம் என்றாலும் பிறஷரையாவது இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள்.