எல்லாப் பந்தயமும் வென்ற ஆண்டு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மலைச்சரிவு சைக்கிள் பந்தயங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், பிரிட்டனின் ரேச்சல் ஆதர்டனுக்கு அமைந்த 2016-ஆம் ஆண்டைப் போல இன்னொன்றை நீங்கள் பார்த்ததில்லை என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம். ஏழு உலகக்கோப்பைச் சுற்றுகள், ஏழிலும் அவரே முதல், கடைசியில் உலக சாம்பியன் பட்டமும் அவருக்கே. இதில் கதை எங்கே இருக்கிறது? விழுந்து எழுந்தவர்களின் ஆண்டுதானே மனதில் நிற்கும்? ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் என் அலுவலக நண்பர், "பெண்கள் பிரிவுல ஆளே கம்மி சார், அதான் ஜெயிச்சுக்கிட்டே போயிருக்காங்க" என்கிறார். இன்னொன்று, இறக்கத்தில் சைக்கிள் தானாகவே ஓடுமே, அதில் அப்படி என்ன திறமை? தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். இந்தப் பந்தயங்களை இதுவரை பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கி., திருப்பூர்

அன்புள்ள கி.,

இறக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

தார்ச்சாலையில் சைக்கிள் தானாக ஓடும். டவுன்ஹில் எனப்படும் இந்தப் பந்தயத்தின் தடம் என்பது பாறையும் மரவேருமாகக் கிடக்கும் மலைச்சரிவு. நீளம் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் தனியாக இறங்குகிறார்கள், கடிகாரம்தான் எதிராளி. சைக்கிளின் முன்னும் பின்னும் சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கி எழும் சஸ்பென்ஷன் இருந்தும், இருக்கையில் உட்கார வழியில்லை. முழங்காலும் முழங்கையும் மடங்கியபடி பெடல்மேல் நின்றே இறங்க வேண்டும்.

நனைந்த வேர் ஒன்று தடத்தின் குறுக்கே சாய்வாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக்கைத் தொட்டால் சக்கரம் பக்கவாட்டில் பறந்துவிடும். எனவே பிரேக் பிடிக்கும் வேலையை வேருக்கு முன்பே முடித்துவிட்டு, வேரின்மேல் சைக்கிளை அதன்போக்கில் விட வேண்டும். அந்த வேர் கண்ணுக்குத் தெரிவதற்குள்ளாகவே இந்த முடிவை எடுத்தாக வேண்டும், அது ஒரு வளைவுக்கு அப்பால் இருக்கும். பிரேக் பிடிப்பது ஆள்காட்டி விரல் ஒன்றுதான், மற்ற விரல்கள் கைப்பிடியை விடுவதில்லை. பாதி மலை இறங்குவதற்குள் முன்கை இறுகிப்போய் அந்த ஒரு விரலை மடக்குவதே பெரும்பாடாகிவிடும். பயந்தவர்கள் அதிகம் பிரேக் பிடிப்பார்கள், அதிகம் பிடித்தால் கை சீக்கிரம் சோர்ந்துபோகும், சோர்ந்த கைதான் கீழே தள்ளும். இறக்கத்தில் மெதுவாகப் போவதே ஆபத்தாக முடிகிற இடங்கள் உண்டு.

பந்தய வாரத்தில் முதலில் தடத்தை நடந்து பார்க்கிறார்கள். பிறகு பயிற்சி, தகுதிச்சுற்று, இறுதிச்சுற்று. தகுதிச்சுற்றில் வேகமாக வந்தவர் இறுதியில் கடைசியாக இறங்குவார். அதற்குள் நாள்கணக்கில் அத்தனை டயர்களும் உழுதுபோட்ட மண் அது. காலையில் மனப்பாடம் செய்த பாதை பிற்பகலில் பள்ளமாகியிருக்கும். மழை வந்தாலும் கடைசியில் வருபவர்களின் தலையில்தான் விழும். 2017-இல் பிரான்சின் லூர்து நகரில் ஆண்கள் இறுதிச்சுற்றில் அப்படித்தான் ஆனது. வானம் பொத்துக்கொள்வதற்கு முன்பே இறங்கிவிட்ட அலெக்சாந்த்ர் ஃபயோல் வென்றார். தகுதிச்சுற்றில் முன்னணியில் இருந்தவர்கள் சேற்றில் மாட்டிக்கொண்டார்கள். வேகமாக இருப்பவருக்கே இப்படி ஒரு சுமை வைக்கிற விளையாட்டில் ஒரு சீசன் முழுக்கத் தோற்காமல் இருப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

2016-இன் ஏழு இடங்களும் ஏழு வகை. ஏப்ரலில் லூர்து, செங்குத்தான பாறைச்சரிவு. அதே மாதம் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ், வெப்பமண்டலக் காடு. அங்கே பாறைகளைத் தாண்டிய பிறகு கடைசியில் நெடுந்தூரம் மிதிக்க வேண்டும், இறங்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கால் வலுவும் வேண்டும். ஜூனில் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம்: மேல்பாதி மரமே இல்லாத, காற்று அறைகிற பாறைவெளி, கீழே காடு, முடிவில் பெரும் தாவல்கள். அடுத்த வாரமே ஆஸ்திரியாவின் லியோகாங். பிறகு சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடே, கனடாவின் மோன்-சான்ட்-ஆன். செப்டம்பரில் அன்டோராவின் வால்நார்ட், செங்குத்தும் புழுதியும். அடுத்த வாரம் இத்தாலியின் வால் டி சோலே பள்ளத்தாக்கில் உலக சாம்பியன்ஷிப். ஒரு மண்ணுக்குப் பொருந்தும் டயரும் காற்றழுத்தமும் அடுத்த மண்ணுக்கு உதவாது, ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

உலகக்கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்துக்கு இந்த ஏழையும் வெல்ல வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது புள்ளிக் கணக்கு. இரண்டு மூன்று வெற்றி, மற்றவற்றில் இரண்டாம் மூன்றாம் இடம் என்று வந்தாலே பட்டம் கைக்கு வரலாம். அடிபடாமல் சீசனை முடிப்பதுதான் விவேகம் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். ஆதர்டன் ஒரு சுற்றில்கூட அப்படி ஓட்டவில்லை. அதற்கு முன் எவரும் டவுன்ஹில் உலகக்கோப்பையின் எல்லாச் சுற்றுகளையும் ஒரே சீசனில் வென்றதில்லை, ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் நண்பரின் கருத்து. பெண்கள் பிரிவில் எண்ணிக்கை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எதிரே இருந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா? வேல்ஸின் மனான் கார்பென்டர் 2014-இல் உலகக்கோப்பையையும் உலக சாம்பியன் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றவர். ட்ரேசி ஹானாவுக்கு கெய்ர்ன்ஸ் சொந்த நாட்டுத் தடம். பிரான்சின் மிரியம் நிக்கோலும், வளர்ந்து வந்துகொண்டிருந்த பிரிட்டனின் தானே சீக்ரேவும் இருந்தார்கள். முந்தைய ஆண்டு முதல் சுற்றில் எம்மலின் ராகோ ஆதர்டனை வீழ்த்தியிருந்தார். அதன்பின் 2015-இல் எஞ்சிய ஆறு, 2016-இன் ஏழு, 2017-இன் முதல் சுற்று என 14 உலகக்கோப்பைப் பந்தயங்களை ஆதர்டன் தொடர்ந்து வென்றார். அதே 2016-இல் ஆண்கள் பிரிவில் டேனி ஹார்ட் கடைசி மூன்று சுற்றுகளையும் உலக சாம்பியன்ஷிப்பையும் தொடர்ந்து வென்றார். நான்கு வெற்றிகள். எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாடவும் வேண்டும். ஹார்ட்டிடம் யாரும் "போட்டி இல்லையோ?" என்று கேட்கவில்லை. ஒரு பெண் எட்டு பந்தயங்களையும் வென்றால் மட்டும் முதலில் அவரோடு ஓட்டியவர்களைக் குறைத்து, அதன்வழியே அவரையும் குறைத்துவிடுகிறோம். உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு வலிக்கிறது.

இந்த வெற்றிகள் பலருக்கும் தெரியாமல் போனதற்கு டவுன்ஹில் ஒலிம்பிக்கில் இல்லாததும் ஒரு காரணம். மலை சைக்கிளில் 1996 அட்லாண்டாவிலிருந்து, ஏற்றமும் இறக்கமுமாகச் சுற்றிவரும் கிராஸ்-கன்ட்ரி மட்டுமே அங்கே இருக்கிறது. ஆதர்டன் கனடாவில் வென்ற அதே ஆகஸ்டில் உலகமே ரியோவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விழுந்து எழுந்த கதை வேண்டுமென்றால் அதுவும் இவரிடம் நிறையவே இருக்கிறது. 2009 தொடக்கத்தில் சாலையில் பயிற்சியின்போது பிக்கப் வண்டியில் மோதித் தோள் சிதைந்து, அந்த சீசனே போனது. அந்த 14 தொடர் வெற்றி முடிவுக்கு வந்ததுகூட ஃபோர்ட் வில்லியம் பயிற்சியில் விழுந்து தோள் விலகியதால்தான். 2018-இல் மறுபடி உலகக்கோப்பை, மறுபடி உலக சாம்பியன். 2019-இல் குதிகால் தசைநாண் அறுந்தது. 2021-இல் மகள் பிறந்தாள். 2023-இல் லென்சர்ஹைடேவுக்குத் திரும்பி வந்து வென்றார். இவற்றை யார் கேட்டாலும் உருகுவார்கள், நானும்தான். ஆனால் விழுந்தவருக்கு எழ வேண்டும் என்ற ஒரே திசைதான் முன்னால் இருக்கிறது. ஆறு முறை வென்றுவிட்டு ஏழாவது முறை மலையுச்சி மரமேடையில் நிற்பவருக்கு, இன்று கொஞ்சம் பார்த்துப் போகலாமே என்று உடம்பே சொல்லும். விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தோளுக்கு நன்றாகவே தெரியும். அப்படி நின்றும் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாரே, நீங்கள் கேட்ட கதை எனக்கு அங்கே இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? 2016 வால் டி சோலே. 2008-இல் ஆதர்டனும் அண்ணன் ஜீ ஆதர்டனும் சேர்ந்து உலக சாம்பியன்களான அதே பள்ளத்தாக்கு. நேராக இவருடைய ஓட்டத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் வேறு மூன்று நான்கு பேர் இறங்குவதைப் பாருங்கள். காட்டுக்குள் வேர்கள் பின்னிக்கிடக்கும் செங்குத்துப் பகுதியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய பின்சக்கரமும் அங்கே என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பிறகு இவருடையதைப் பாருங்கள். அதன்பின் அதே ஆண்டின் ஃபோர்ட் வில்லியம், இரண்டும் ஒரே விளையாட்டா என்று தோன்றும். முடிந்தால் நண்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.