நாறும் மருந்தும் நாறாத மருந்தும்

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா ஒரு மனநல மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். அங்கே ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டால் வார்டு முழுக்க நாறும், கண்ணாடி சிரிஞ்சில்தான் ஏற்ற வேண்டும் என்பார். பெயர் எனக்கு மறந்துவிட்டது. அது என்ன மருந்து? நோயாளிகளை அடக்கிவைக்கத்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அது பாரால்டிஹைடாகத்தான் இருக்க வேண்டும். 1882இல் இத்தாலியரான வின்சென்சோ செர்வெல்லோ தூக்க மருந்தாகக் கொண்டுவந்தது. உள்ளே போனதில் ஒரு பங்கு மூச்சோடு அப்படியே வெளியே வந்துவிடும். தூங்குகிறவர்களின் மூச்சுதான் வார்டை நாறடித்தது. பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்பதால் கண்ணாடி சிரிஞ்ச். ஊசி புட்டத்து நரம்புக்குப் பக்கத்தில் இறங்கினால் பாதம் தொங்கிப் போகும். பாட்டில் பழையதானால் மருந்து அசிட்டிக் அமிலமாக மாறும், கொட்டிவிட வேண்டியதுதான்.

அடக்கத்தானா என்றால், பெரும்பாலும் ஆமாம். 1952இல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற மனநல மருத்துவர்கள் பித்தையே தணிக்கும் குளோர்புரோமசினைக் கொடுத்துப் பார்க்கும்வரை மருந்தக அலமாரியில் இருந்தவை அநேகமாகத் தூங்கவைப்பவையே. அவற்றில் ஒன்றான குளோரல் ஹைட்ரேட்டை 1869இல் ஜெர்மானியரான லீப்ரைக் கொடுத்தது, உடம்புக்குள் அது மயக்க மருந்தான குளோரோஃபார்மாக மாறும் என்ற கணக்கில். கணக்கு தப்பு, ஆனால் தூக்கம் வந்தது!

என்னைக் கேட்டால் அந்த அலமாரியில் பயப்பட வேண்டியது புரோமைடு என்ற உப்பு மருந்துக்குத்தான். 1857இல் லண்டனில் சார்லஸ் லோகாக் வலிப்புக்கு நல்லது என்று சொன்னார், அப்புறம் அது மனநோய் வார்டுக்குள்ளும் வந்துவிட்டது. நாற்றம் இல்லை. கொஞ்சம் உப்புக் கரிக்கும், அவ்வளவுதான். ஆனால் இன்று குடித்ததில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 12 நாள் ஆகும். தினமும் கொடுத்தால் சேர்ந்துகொண்டே போகும். நாக்கு குழறும், நடை தள்ளாடும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். பித்து முற்றிவிட்டது என்று இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். 1920களில் இரத்தத்தில் புரோமைடை அளக்கும் சோதனை வந்த பிறகுதான் பலருடைய பித்தே மருந்தால் வந்தது என்று தெரிந்தது. அதற்கு முறிவு என்ன தெரியுமா? சமையல் உப்பு! சிறுநீரகம் இரண்டையும் சரியாகப் பிரித்தறியாது, உப்பு கூடினால் புரோமைடும் சேர்ந்து வெளியேறும்.

பாரால்டிஹைடு அப்படி ஒளிந்திருக்காது, யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வாசல்வரை மணக்கும். அது இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. சில நாடுகளில் நிற்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு ஆலிவ் எண்ணெயில் கலந்து ஆசனவாய் வழியாகக் கொடுக்கிறார்கள். ஊசி போய்விட்டது, நாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது.